எலிக்கு மறதியை ஊசியில் ஏற்றிவிட்டு மூலிகைக்கு நற்சான்று தரலாமா?

கேள்வி (மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார், ஜூலை 6)

மகள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். சந்தைக்கு எதிரே உள்ள கடையில் வல்லாரை மாத்திரை விற்கிறார்கள். அது மூளையில் அசிட்டைல்கோலினை உயர்த்தும் என்றும், மறதி வந்த எலிகளுக்குக் கொடுத்ததும் நினைவு திரும்பியது என்றும் பிரசுரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எலிக்கு நன்மை செய்தது பிள்ளைக்கும் நன்மை செய்யும் அல்லவா? ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் விளக்குங்கள்.

ஜூலை 6, இரவு

மாத்திரையைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த எலிக்கு மறதி எப்படி வந்தது என்று பிரசுரத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் அது முதுமையால் வந்த மறதியும் அன்று, நோயால் வந்ததும் அன்று. நல்ல உடல்நிலையில் உள்ள இளம் எலிக்கு ஸ்கோபோலமைன் என்னும் மருந்தை வயிற்றில் ஊசியாகப் போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சோதனைப் பெட்டிக்குள் விடுவார்கள். அது தடுமாறும். அதே ஊசியோடு மூலிகைச் சாற்றையும் பெற்ற எலி சற்றுக் குறைவாகத் தடுமாறினால் ‘நினைவாற்றல் மீண்டது’ என்று எழுதுவார்கள். பினாங்கில் ஒரு மருந்தியல் ஆய்வகத்தின் விலங்குக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை உதவியாளனாக இருந்தவன் நான். ஊசி போடும் கைக்கு எலியைப் பிடித்துக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜூலை 7

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிட்டால் பின்னால் எழுதுவது எளிது. அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளிப்பட்டு, எதிரே உள்ள உயிரணுவின் ஏற்பியைத் தொட்டுச் செய்தியைக் கடத்துகிறது. கடத்தியவுடன் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடுகிறது. ஏற்பிகள் இரு வகைப்படும்: நச்சுக்காளானில் கிடைக்கும் மஸ்கரினுக்கு இணங்குபவை ஒரு வகை, புகையிலையின் நிக்கோட்டினுக்கு இணங்குபவை மற்றொரு வகை. ஆகவே மருந்து தலையிடக்கூடிய இடங்களும் சிலவே. ஊமத்தையில் உள்ள ஸ்கோபோலமைனும் அட்ரோபினும் மஸ்கரினிக் ஏற்பியை அடைத்துவிடுகின்றன. மேற்கு ஆப்பிரிக்கக் கலபார் அவரையிலிருந்து எடுக்கப்பட்ட பைசோஸ்டிக்மைன் நொதியைத் தடுப்பதால், வெளிவந்த அசிட்டைல்கோலின் உடையாமல் தேங்குகிறது. பாக்கில் உள்ள அரிகோலின் ஏற்பியைத் தானே தூண்டுகிறது.

சிவனுக்குச் சாத்தும் ஊமத்தை இதில் வருகிறதே என்று வியக்க வேண்டாம். 1676-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கலகத்தை அடக்கச் சென்ற ஆங்கிலப் படைவீரர்கள் சிலர் ஊமத்தை இலையைக் கீரையென்று சமைத்துத் தின்று 11 நாள் புத்தி பேதலித்துக் கிடந்ததாகவும், தெளிந்த பின் நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவில் இல்லை என்றும் அந்நாட்டின் பழைய வரலாற்று நூல் ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஊசி வருவதற்கு முன்பே நடந்த ஸ்கோபோலமைன் சோதனை என்று அதைச் சொல்லலாம்.

ஜூலை 9

மருந்தகப் படிப்பு படிக்கும் தம்பி ஒருவர், ‘ஸ்கோபோலமைன் நினைவைக் கெடுக்கிறது என்றால் அசிட்டைல்கோலின்தான் நினைவைத் தருகிறது என்று பொருள், இதில் என்ன ஐயம்?’ என்று எழுதியிருக்கிறார். அவர் பக்கத்துச் சான்றுகளை முதலில் நானே அடுக்கிவிடுகிறேன். 1974-இல் டிராக்மனும் லெவிட்டும் இளைஞர்களுக்கு ஸ்கோபோலமைன் கொடுத்தபோது, அவர்களுடைய தேர்வு முடிவுகள் முதியோரின் முடிவுகளை ஒத்திருந்தன. 1976-இல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி குறைந்திருப்பது தெரியவந்தது. 1982-இல் பார்ட்டஸும் உடனாய்வாளர்களும் இவற்றையெல்லாம் திரட்டி, முதுமை மறதிக்கு அசிட்டைல்கோலின் குறைவே காரணம் என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். பிறகு வந்த டாக்ரின், டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கலாண்டமைன் ஆகிய மருந்துகள் அந்த வழியில் பிறந்தவை. ஆகவே தம்பி சொல்வது காற்றில் கட்டிய பேச்சன்று.

ஆனால் எலியின் பக்கம் நின்று பாருங்கள். ஸ்கோபோலமைன் போட்ட எலிக்கு வாய் உலர்கிறது. கண்மணி விரிந்து பார்வை மங்குகிறது. கால்கள் ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பிரசுரங்களில் அதிகம் குறிப்பிடப்படும் சோதனையில் ஒளியுள்ள அறை ஒன்றும் இருண்ட அறை ஒன்றும் இருக்கும். எலி இயல்பாக இருட்டுக்குள் நுழையும், அங்கே மின்னதிர்ச்சி வாங்கும். மறுநாள் ஒளியறையிலேயே அது எவ்வளவு நேரம் தயங்கி நிற்கிறது என்று, வழக்கமாக 300 நொடி வரை, கணக்கிடுவார்கள். நீண்ட தயக்கம் நல்ல நினைவு என்று கொள்ளப்படும். மருந்தின் வேகத்தில் ஓடித் திரியும் எலி தயங்காமல் உள்ளே போய்விட்டால் அது மறந்ததா, நிற்க முடியாமல் போனதா? உணவுத் துணுக்கைப் பரிசாகக் கொடுக்கும் சோதனையிலும் இதே சிக்கல்தான். உலர்ந்த வாயால் துணுக்கை விழுங்க முடியாத எலி பரிசைத் தேடாததற்கு ஞாபகம் தேவையே இல்லை.

இதைப் பிரித்தறிய நேர்மையான ஒரு வழி உண்டு. மெத்தில் ஸ்கோபோலமைன் என்ற உறவினர் மருந்து உடலில் அதே வேலையைச் செய்யும், ஆனால் குருதியிலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. அதைப் பெற்ற எலிக்கூட்டம் ஒன்று பக்கத்தில் இருந்தால் வாயும் கண்ணும் செய்த குழப்பத்தைக் கழித்துப் பார்க்கலாம். நல்ல ஆய்வுகளில் அந்தக் கூட்டம் இருக்கும். மூலிகைப் பிரசுரங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் நான் அதைத் தேடித் தேடிக் களைத்திருக்கிறேன்.

ஜூலை 10

நேற்று எழுதியதில் நீந்தும் சோதனையை விட்டுவிட்டேனே என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் அறிமுகப்படுத்திய வட்டத் தொட்டி அது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மேடை மறைந்திருக்கும். சுவரில் உள்ள படங்களையும் அறையில் உள்ள பொருள்களையும் அடையாளம் வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மேடை தெரியாமலிருக்க நாங்கள் நீரில் பால்மாவைக் கரைப்போம். பினாங்கு வெயிலில் நண்பகலுக்குள் அது புளித்துவிடும். அந்த வாடை சட்டையிலிருந்து போகாமல், பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நீரிலிருந்து எடுத்த எலியைத் துண்டில் சுற்றித் துடைத்தால் முதலில் உடல் விறைத்திருக்கும், பிறகு மூக்கை மட்டும் வெளியே நீட்டி மீசை துடிக்கக் காத்திருக்கும்.

ஸ்கோபோலமைன் எலி அந்தத் தொட்டியில் என்ன செய்யும் என்றால், நடுவுக்கு வராமல் சுவரை உரசியபடியே சுற்றிச் சுற்றி நீந்தும். மேடையில் இடறி ஏறினாலும் உடனே குதித்துவிடும். இடம் மறந்த எலி இப்படிச் செய்யாது, அது தவறான இடத்திலாவது தேடும். இது விளையாட்டின் விதியே பிடிபடாத எலியின் நடத்தை. நீந்திப் போய் மேடையில் ஏறி நிற்க வேண்டும் என்ற அளவுக்கு முன்கூட்டியே பழக்கிவிட்டு, அதன்பின் மருந்தைக் கொடுத்துப் புதிய இடத்தைக் கற்பித்தால், மருந்தின் கெடுதல் பெருமளவு குறைந்துவிடுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. இடத்தின் நினைவு, செயல்முறைப் பழக்கம் ஆகிய இரண்டும் வேறு வேறு. ஊசி முதன்மையாக எதைத் தாக்கியது என்பதைப் பழக்காத எலியிடம் அறிய முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். மருந்து உடலில் இருக்கும்போது கற்றதை, மருந்து இல்லாதபோது கேட்டால் விலங்கு மறந்ததுபோல் நிற்கும். மீண்டும் மருந்தைக் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடும். நிலைசார்ந்த கற்றல் என்பார்கள். 1960-களில் ஓவர்ட்டன் தூக்க மருந்தை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். ஸ்கோபோலமைனிலும் இது உண்டு. கள்ளுக்கடையில் கொடுத்த வாக்கு கள்ளுக்கடையில்தான் நினைவுக்கு வரும் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் அறிந்து வைத்திருந்ததும் ஏறக்குறைய இதுவே.

ஜூலை 13

‘அசிட்டைல்கோலின் குறைந்தால் கேடு, எனவே கூடினால் நன்மை’ என்ற எண்ணம் இந்த இழையில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு நேரடி மறுமொழி 1966-லேயே இருக்கிறது. அந்தோணி டாய்ச்சும் அவருடைய குழுவினரும் கிளைபிரியும் பாதையில் எலிகளை ஓடவிட்டு, மின்னதிர்ச்சியிலிருந்து தப்ப ஒளியுள்ள கிளைக்குள் நுழையுமாறு கற்பித்தார்கள். கற்பித்த பின் வெவ்வேறு நாள் இடைவெளிகளில், நொதியைத் தடுக்கும் டி.எஃப்.பி. என்ற கரிமப் பாஸ்பரஸ் நஞ்சை மூளைக்குள் செலுத்திச் சோதித்தார்கள். மருந்து ஒன்று, பாடம் ஒன்று; பாடத்தின் வயது மட்டும் மாறியது. கற்று 14 நாளான எலிகள் மருந்தில்லாமல் நன்றாக நினைவு வைத்திருந்தன. மருந்து அவற்றின் நினைவை மறைத்தது. 28 நாளான எலிகள் மருந்தில்லாமல் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தன. அதே மருந்து அவற்றுக்கு நினைவைத் திருப்பிக் கொடுத்தது!

நரம்பு இணைப்பு வலுவாக உள்ள காலத்தில் மேலும் அசிட்டைல்கோலினைத் தேக்கினால் அது அளவு மீறி அடைத்துக்கொள்கிறது, இணைப்பு தளர்ந்த காலத்தில் அதே தேக்கம் துணையாகிறது என்பது டாய்ச்சின் விளக்கம். அந்த விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. எனக்கு அதில் வழக்கில்லை. கூடினால் நன்மை என்ற நேர்க்கோடு இந்தச் சோதனையில் முறிந்துபோகிறது என்பதே எனக்கு வேண்டியது.

குரங்குகளிலும் இதே கதை. பார்ட்டஸ் 1979-இல் முதிய குரங்குகளுக்குப் பைசோஸ்டிக்மைன் கொடுத்தபோது சில அளவுகளில் அண்மை நினைவு கூடியது, அளவை ஏற்றினால் கெட்டது. எந்த அளவு நன்மை செய்தது என்பதும் குரங்குக்குக் குரங்கு மாறியது. ‘தினம் இரண்டு, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவை அச்சிடும் மாத்திரைப் புட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே நாள், சற்றுப் பிறகு

தேநீர் போடும்போது நினைவுக்கு வந்தது. நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்பதைத் தவளை இதயங்களை வைத்து முதலில் நிறுவியவர் ஆட்டோ லோவி. அந்தச் சோதனை அவருக்கு இரவில் கனவில் தோன்றியது. எழுந்து தாளில் குறித்துவிட்டுத் தூங்கினார். காலையில் தம் கையெழுத்தையே அவரால் படிக்க முடியவில்லை, யோசனையும் நினைவில்லை. மறுநாள் இரவு அது மீண்டும் வந்தபோது தாளை நம்பாமல் நேரே ஆய்வகத்துக்குப் போனார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1921-இல் முடிவு வெளிவந்தது, 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு கிடைத்தது. அசிட்டைல்கோலினின் வேலையைக் காட்டியவருக்கே அசிட்டைல்கோலின் அன்றிரவு கைகொடுக்கவில்லை.

ஜூலை 17

மருந்தகத் தம்பி விடவில்லை. மருந்து உடல் முழுவதும் பரவுவதால் குழப்பம் என்றால், மூளையில் அசிட்டைல்கோலினை உண்டாக்கும் அணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா என்று கேட்கிறார். நல்ல கேள்வி. 1990-களில் அதற்குரிய கருவி கிடைத்தது. சேபோரின் என்ற தாவர நஞ்சை ஓர் எதிர்ப்புரதத்தோடு இணைத்து, முன்மூளையின் அடிப்பகுதியில் அசிட்டைல்கோலினை உண்டாக்கும் அணுக்களை மட்டும் தேடிச்சென்று கொல்லும்படி செய்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது அந்த எலி மோரிஸ் தொட்டியில் திணறும் என்று. 1995-இல் பேக்ஸ்டரும் கல்லகரும் மற்றவர்களும் செய்த சோதனையில், அவை இடத்தைக் கற்பதில் பெரிய குறை எதையும் காட்டவில்லை. ஸ்கோபோலமைன் ஊசியால் தடுமாறும் அதே தொட்டியில், அணுக்களையே இழந்த எலி ஏறக்குறைய இயல்பாக நீந்தி மேடையை அடைந்தது.

அப்படியானால் அந்த அணுக்களுக்கு என்னதான் வேலை? அவற்றை இழந்த எலிகள் திணறுவது வேறிடத்தில். நீண்ட நேரம் காத்திருந்து, எப்போது வருமென்று தெரியாத சிறு ஒளிக்கீற்றைக் கவனித்து உரிய நெம்புகோலை அழுத்த வேண்டிய சோதனையில் அவை தவறவிடுகின்றன. அதாவது கவனத்தில். இதற்குப் பிறகு ‘நினைவு மருந்து’ என்ற சொற்றொடரைக் கேட்டால் எனக்கு உறுத்துகிறது. பாடத்தைக் கவனிக்காத எலியும் பாடத்தை மறந்த எலியும் மறுநாள் ஒரே மதிப்பெண்தான் வாங்கும். பிள்ளைகளிடமும் அப்படித்தான் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், எனக்கு அந்த அனுபவம் இல்லை.

ஜூலை 20

தூக்கம். இரவெல்லாம் படிக்கும் மகளைப் பற்றித் தாயார் மீண்டும் எழுதியிருப்பதால் இதை முன்னே கொண்டுவருகிறேன்.

விழித்திருக்கும் எலியின் ஹிப்போகாம்பஸில் (புதிய நினைவைப் பதியும் மூளைப் பகுதி) அசிட்டைல்கோலின் மிகுந்திருக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் அது வெகுவாக இறங்கிவிடும். கனவுத் தூக்கத்தில் மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் வீணாக இல்லை என்று ஹாசெல்மோ வாதிட்டார். அசிட்டைல்கோலின் மிகுந்த வேளையில் ஹிப்போகாம்பஸ் புறத்திலிருந்து வரும் புதியதை ஏற்றுக்கொள்கிறது, பழைய தடங்கள் குறுக்கிடாமல் அடக்கப்படுகின்றன; குறைந்த வேளையில் அந்த அடக்குமுறை நீங்கி, பகலில் பதிந்தது மீண்டும் ஓடி, மூளையின் மேலுறையான புறணிக்குப் போய்ச் சேர்கிறது. பகலில் கடையைத் திறந்து சரக்கு இறக்குவதும், இரவில் கதவை அடைத்துக்கொண்டு கணக்கெழுதுவதும் போன்றது. கணக்கெழுதும் நேரத்தில் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று 2004-இல் கெய்ஸும் போர்னும் மனிதர்களிடமே சோதித்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தின்போது பைசோஸ்டிக்மைன் செலுத்தி அசிட்டைல்கோலினை உயர்த்தினார்கள். முன்னிரவில் கற்ற சொல் இணைகள் உறுதிப்படாமல் போயின; கைப்பழக்கமாகக் கற்ற திறன் பாதிக்கப்படவில்லை.

ஆகவே அம்மா, உங்கள் பிரசுரம் சொல்வது முழுக்க உண்மையாகவே இருந்து, மாத்திரை இரவு முழுவதும் அசிட்டைல்கோலினை உயர்த்தி வைக்குமானால், அதை நான் படுக்கப் போகும் பிள்ளைக்குக் கொடுக்க அஞ்சுவேன். வல்லாரைச் சாறு பெற்ற எலிகள் நன்றாகக் கற்றதாகக் கூறும் ஆய்வுகள் இருக்கின்றன. நான் அவற்றை மறுக்கவில்லை. அந்த எலிகளிலிருந்து எஸ்.பி.எம். மேசைவரை நீளும் பாலம் கட்டப்படவில்லை. மலாய்க்காரர்கள் பெகாகா என்று சோற்றோடு பச்சையாகத் தின்பதுபோல, நாம் தேங்காய் வைத்துத் துவையல் அரைப்பதுபோல, கீரையாகவே சாப்பிடட்டும். மாத்திரைப் பணத்தை மிச்சப்படுத்திப் பிள்ளையைப் பதினொரு மணிக்குப் படுக்க வையுங்கள்.

ஜூலை 24

பாக்கைப் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ‘என் பாட்டி வெற்றிலை போட்டே தொண்ணூறு வயது வரை லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) உள்ள எல்லோருடைய கடன் கணக்கையும் மனத்தில் வைத்திருந்தார்’ என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். பாட்டியை வணங்குகிறேன். 1978-இல் சீதாராமும் உடனாய்வாளர்களும் அரிகோலினை ஊசியாகக் கொடுத்தபோது மனிதர்கள் சொற்பட்டியலைச் சற்று விரைவாகக் கற்றார்கள். ஸ்கோபோலமைன் கொடுத்தபோது தாமதமாகக் கற்றார்கள். இயல்பில் மெதுவாகக் கற்பவர்களிடம் இரண்டு விளைவுகளும் அதிகமாகத் தெரிந்தன. இதுவரை பாட்டியின் கட்சி வெல்கிறது.

ஆனால் பாட்டி பாக்கைத் தனியாக மெல்லவில்லை, சுண்ணாம்பு தடவி மென்றார். சுண்ணாம்பின் காரம் அரிகோலினை அரிகைடினாக மாற்றுகிறது; அது மஸ்கரினிக் ஏற்பியை அவ்வாறு தூண்டாது, வேறு வழியில் மூளையில் வேலை செய்கிறது. எனவே வாயில் நடப்பதும் ஊசியில் நடப்பதும் ஒன்றாகா. இதற்கிடையில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்துவிட்டது. ஞாபகத்துக்காகப் பாக்கு மெல்வதாக யாரும் எழுதிவிடாதீர்கள். கடன் கணக்கு மறக்காததற்குப் பாட்டியின் குணமே போதுமான காரணம்.

ஜூலை 28

இது எனக்கு நெருக்கமான பகுதி, எனவே நீளும்.

டாய்ச் எலியின் மூளைக்குள் செலுத்திய டி.எஃப்.பி., நம் தோட்டங்களில் பூச்சிக்கு அடித்த கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்பனையில் (எண்ணெய்ப் பனை) இலை தின்னும் பைப்புழு பரவினால் மரத்தில் துளையிட்டு மெத்தமிடோபாஸ் ஊற்றினார்கள். டெங்கிக் காலத்தில் வீடுகளுக்குப் புகையடிக்க மாலத்தியான் பயன்பட்டது. எல்லாம் அந்த ஒரே நொதியைத் தடுப்பவை. பூச்சியின் நொதி, எலியின் நொதி, மருந்து அடிப்பவரின் நொதி என்று அவை பார்ப்பதில்லை. என் தாயார் தோட்டத்தில் மருந்து அடிக்கும் பிரிவில் இருந்தவர். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்ததும் முதுகில் பம்பை ஏற்றிக்கொண்டு போவார். மதியம் திரும்பும்போது கண்ணும் வாயும் நீர் வடிய, தலைவலி என்று படுப்பார். எந்த நாளில் எந்த மருந்து அடித்தார்கள் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அசிட்டைல்கோலின் தேங்கினால் கண்ணீர், எச்சில், வியர்வை, சுருங்கிய கண்மணி, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும் என்று நான் ஆய்வகத்தில் எலியைப் பார்த்துக் கற்றேன். கற்ற அன்று வேலை ஓடவில்லை. கடுமையான நஞ்சேறலுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் முதன்மை மருந்து அட்ரோபின், ஊமத்தையின் அதே சரக்கு. ஒருபக்கம் தேங்கிய அசிட்டைல்கோலினை மறுபக்கம் ஏற்பியை அடைத்துச் சமாளிக்கிறார்கள்.

இப்போது கற்றல். தொடர்ந்து சிறு அளவில் டி.எஃப்.பி. பெறும் எலி சில நாள்களில் பழகிவிடும்; நடுக்கம் குறையும், தின்னும், ஓடும். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று தோன்றும். ஆனால் நொதி அப்போதும் தடுக்கப்பட்டே இருக்கும். மிகுதியான அசிட்டைல்கோலினுக்கு ஈடுகொடுக்க மூளை தன் மஸ்கரினிக் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டிருக்கும். அப்படிப் பழகிய எலிக்குச் சிறிதளவு ஸ்கோபோலமைன் கொடுத்தாலே மற்ற எலியைவிட அதிகமாகத் தடுமாறும். ‘பழகிவிட்டது’ என்று தோட்டத்தில் நாம் சொல்லும்போது உடலுக்குள் இதுதான் நடக்கிறது. பிறந்த சில நாள்களில் குளோர்பைரிபாஸ் என்ற அதே குடும்பத்து மருந்தைப் பெற்ற ஆண் எலிக்குட்டிகள், வெளிப்படையான நோய்க்குறி இல்லாத அளவிலும், வளர்ந்தபின் பல கிளைப் பாதைகளில் கற்பதில் பின்தங்கியதை ஸ்லாட்கினும் லெவினும் காட்டினார்கள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு மருந்து அடிக்கப் போன தாய்மார்கள், நனைந்த சட்டையோடு வந்துதான் பிள்ளையைத் தூக்கினார்கள்.

இன்றும் மருந்து அடிக்கும் வேலையில் உள்ளவர்கள், வேலை தொடங்கும் முன்னரே குருதியில் கோலினெஸ்டெரேஸ் அளவைப் பார்த்துக் குறித்து வைக்கக் கேளுங்கள். ஆளுக்கு ஆள் இயல்பான அளவு மாறுவதால், பின்னால் எடுக்கும் எண்ணை உங்கள் சொந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் பயன்.

ஜூலை 29

பாராகுவாட்டையும் இந்தப் பட்டியலில் சேர்த்து ஒருவர் எழுதியிருக்கிறார். அது வேறு. களைக்கொல்லியான பாராகுவாட் நொதியைத் தடுப்பதில்லை, நுரையீரலை அழிக்கிறது. மலேசியாவில் 2020 முதல் அதற்குத் தடை. அட்ரோபின் அதற்கு உதவாது. விபத்து நேர்ந்தால் புட்டியையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஆகஸ்ட் 3

கெலுலுட் என்னும் கொட்டாத தேனீ வளர்க்கும் நண்பர் தம் பெட்டிகளைப் பற்றிக் கவலைப்படுகிறார். கவலை நியாயமானது. நம் மூளையில் அசிட்டைல்கோலின் பல தூதர்களில் ஒன்று. பூச்சியின் மூளையிலோ கிளர்ச்சியூட்டும் தூதர்களில் அதுவே முதன்மையானது, அதுவும் பெரும்பாலும் நிக்கோட்டினிக் ஏற்பி வழியாக. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் அந்த ஏற்பியைத் தூண்டிப் பிடித்துக்கொள்வதால் பூச்சி சாகிறது. பாலூட்டியின் ஏற்பியைவிடப் பூச்சியின் ஏற்பியில் அவை வலுவாக ஒட்டும்.

தேனீ கற்கிறதா என்று பார்க்கும் சோதனையை நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். தேனீயைக் குளிரவைத்து மயங்கச் செய்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி சிறு குழாயில் பொருத்துவார்கள். ஒரு மணத்தை ஊதி உடனே உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீரைத் தொடுவார்கள், நாக்கு நீளும். மறுபடி சில முறை. பிறகு மணத்தை மட்டும் ஊதினாலே நாக்கு நீளும். நிக்கோட்டினிக் ஏற்பியை அடைக்கும் மெக்கமைலமைன் கொடுத்தால் இந்தக் கற்றல் கெடுகிறது. கொல்லாத அளவு இமிடாகுளோபிரிட் தின்ற தேனீயிடமும் மணத்தின் நினைவு குலைகிறது. பூவின் மணத்தையும் வீட்டின் வழியையும் மறந்த தேனீ பெட்டிக்கு வெளியே சாகும், பெட்டிக்குள் பிணம் இராது. ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட்டையும் அதன் உறவினர் இரண்டையும் திறந்த வயல்களில் 2018-இல் தடை செய்ததன் பின்னணியில் இத்தகைய சோதனைகளும் உண்டு. இவை பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீயில் செய்யப்பட்டவை என்பதை நண்பர் மனத்தில் கொள்ளட்டும். கெலுலுட் அளவில் மிகச் சிறியது.

செம்பனைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சின்ன வண்டுதான் உங்கள் குலைகளைக் காய்க்க வைக்கிறது. பூவைத் தேடிப் போகும் அதன் மூளையும் அசிட்டைல்கோலினில்தான் ஓடுகிறது.

ஆகஸ்ட் 8

இன்று வந்த கேள்வி எலியைப் பற்றியதன்று. மறதி நோய்க்கு டோனெபெசில் சாப்பிடும் தந்தைக்கு இரவில் பயங்கரக் கனவுகள் வருவதாகவும், இருமலுக்குக் கிளினிக்கில் வாங்கிய மருந்தைக் குடித்த நாள்களில் பகலிலும் குழம்புவதாகவும் மகன் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இருமல் மருந்துப் புட்டியில் டைபென்ஹைட்ரமைன் என்றோ, உடன் தந்த சிறு மாத்திரையில் குளோர்பெனிரமைன் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒவ்வாமைக்கும் சளிக்கும் கொடுக்கப்படும் பழைய வகை மருந்துகள். இரண்டுமே மஸ்கரினிக் ஏற்பியை ஓரளவு அடைப்பவை. அடக்க முடியாத சிறுநீருக்குத் தரும் ஆக்சிபியூட்டினினும் அப்படியே. காலையில் ஒரு மருத்துவர் அசிட்டைல்கோலினை உயர்த்தும் மாத்திரையைத் தருகிறார், மாலையில் மற்றொருவர் அதன் ஏற்பியை அடைக்கும் மருந்தைத் தருகிறார். இருவருக்கும் மற்றவரின் சீட்டு தெரியாது. ஸ்கோபோலமைன் எலியை உண்டாக்க ஆய்வகம் வேண்டியதில்லை. எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கனவைப் பொறுத்தவரை, டோனெபெசிலைப் பொதுவாக இரவு படுக்கும்முன் சாப்பிடச் சொல்வார்கள். கனவுத் தூக்கம் அசிட்டைல்கோலின் ஏறும் நேரம் என்பதால் சிலருக்குக் கனவுகள் கடுமையாகின்றன. மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அப்படி மாற்றித் தருகிறார்கள். நாடித் துடிப்பு மெதுவாவதும், வயிற்றுப்போக்கும், வாந்தியும் இந்த மருந்தால் வரக்கூடியவை, அவற்றையும் சொல்லுங்கள். இது மறதியின் வேகத்தைச் சிலரிடம் சிறிது காலம் தாங்கிப் பிடிக்கும், அணுக்கள் அழிவதை நிறுத்தாது. அதற்காக நீங்களாகவே திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம். இருமல் மருந்தை மட்டும், மருத்துவரைப் பார்க்கும்வரை, அலமாரியிலேயே வையுங்கள்.